'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மின்வாகனங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், பேட்டரிக்கான உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரே ஒரு பத்திதான் இடம் கிடைத்தது. பல நாடுகளில் பழங்குடி மக்கள் இந்தச் சுரங்கங்களை எதிர்த்து வருகிறார்கள் என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தோம். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): புவி வெப்பமடைவதால் முதலில் அடிபடுபவர்கள் பழங்குடி மக்கள்தாம் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அதைத் தடுக்க உதவும் லித்தியத்தையும் நிக்கலையும் எடுப்பதை அவர்களே எதிர்ப்பது முரணாக இல்லையா?

பதில்: முரண் அவர்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புகை விடாத வாகனமும் மண்ணைத் தோண்டித்தான் செய்யப்படுகிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எஃகையும் அலுமினியத்தையும் கணக்கில் சேர்க்காமலே, ஒரு மின்காருக்கு வழக்கமான காரைப் போல் ஆறு மடங்கு கனிமங்கள் தேவைப்படுகின்றன. தரையில் நிறுவும் காற்றாலைக்கு, அதே திறனுள்ள எரிவாயு மின்நிலையத்தைப் போல் ஒன்பது மடங்கு தேவைப்படுகின்றன. அந்தக் கனிமங்கள் யாருடைய நிலத்தில் இருக்கின்றன என்பதை ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2022 டிசம்பரில் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. உலகெங்கும் 5,097 திட்டங்களை அது எடுத்துக்கொண்டது. அவற்றில் 54 விழுக்காடு பழங்குடி மக்களின் நிலங்களிலோ அவற்றை ஒட்டியோ அமைந்திருந்தன. அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டு எம்.எஸ்.சி.ஐ. என்ற நிதி ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கில், அந்நாட்டு நிக்கல் இருப்பில் 97 விழுக்காடும், தாமிரத்தில் 89 விழுக்காடும், லித்தியத்தில் 79 விழுக்காடும் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலங்களிலிருந்து 35 மைல் தொலைவுக்குள் இருக்கின்றன.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. உழவுக்கு உகந்த சமவெளிகளிலிருந்து துரத்தப்பட்ட பலர், பாலைக்கும் மலைக்கும் பனிக்காட்டுக்கும் ஒதுங்க வேண்டியிருந்தது; பிறருக்குப் பயன்படாது என்று கருதப்பட்டதால்தான் அந்த இடங்கள் அவர்களிடம் விட்டுவைக்கப்பட்டன. இன்று அதே நிலத்தின் அடியில் கிடப்பது எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணுக்கு அரசு ஒப்புக்கொள்ளும் ஆவணம் பல இடங்களில் அவர்கள் கையில் இல்லை என்பதால், நகரத்தின் ஓரத்தில் ஓர் ஏக்கரை எடுப்பதைவிட அங்கே ஒரு மலையையே எடுத்துவிடுவது எளிதாக இருக்கிறது. புவி வெப்பமடைய மிகக் குறைவாகக் காரணமானவர்களிடம்தான், அதைச் சரிசெய்வதற்கான விலையும் முதலில் கேட்கப்படுகிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்): தென் அமெரிக்காவில் உவர்நீரிலிருந்துதானே லித்தியம் எடுக்கிறார்கள்? குடிக்கவும் ஆகாத, பாசனத்துக்கும் ஆகாத அந்த நீர் குறைவதால் யாருக்கு என்ன இழப்பு?

பதில்: சுரங்க நிறுவனங்கள் முன்வைக்கும் வாதமும் இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் படுகை ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் அடியில் இருக்கும் அடர்ந்த உவர்நீரை இறைத்து, அகன்ற பாத்திகளில் தேக்கி, ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் காயவிடுகிறார்கள். நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகிப் போனபின், எஞ்சிய கரைசலிலிருந்து லித்தியத்தைப் பிரிக்கிறார்கள். உப்பளத்தில் நடக்கும் வேலையைப் போன்றதுதான் இதுவும். ஆனால் உப்பளத்துக்கு நீர் தருவது வற்றாத கடல். இங்கே நீர் எடுக்கப்படுவது உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றில்.

நீங்கள் கற்பித்த பாடத்திலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. உவர்நீர் எடைமிக்கது, நன்னீர் எடை குறைந்தது. ஆண்டிஸ் மலையில் பெய்து நிலத்தடியில் இறங்கிவரும் நன்னீர், படுகையின் ஓரங்களில் அந்த உவர்நீரின் மேல் ஏறி நிற்கிறது. ஃபிளமிங்கோக்கள் இரைதேடும் ஆழமற்ற ஏரிகளும், அட்டகாமா பழங்குடி மக்கள் ஆடுகளையும் லாமா என்ற ஒட்டக இன விலங்கையும் மேய்க்கும் ஈரப் புல்வெளிகளும் அந்த ஓரத்தை நம்பியே இருக்கின்றன. நடுவில் உவர்நீர் இறங்கும்போது ஓரத்து நன்னீர் எவ்வளவு இறங்கும், எத்தனை ஆண்டுகளில் இறங்கும் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதில்தான் கிராமத்து மேய்ப்பருக்கு ஐயமே இருந்ததில்லை. இதற்கு மேல் சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலியில் உவர்நீர் கனிமமாகவே கருதப்படுவதால், நீரைக் காக்கும் விதிகள் அதன்மேல் முழுமையாகப் பாய்வதில்லை. தாமிரச் சுரங்கங்கள் அதே வட்டாரத்தில் நெடுங்காலமாக நன்னீரை இறைத்துவந்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லையின் மறுபுறம், அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாநிலத்தில், சலினாஸ் கிராந்தெஸ் என்ற உப்புவெளியைச் சுற்றி கோல்யா, அட்டகாமா இனங்களைச் சேர்ந்த 33 சமூகங்கள் வாழ்கின்றன. தங்களிடம் எப்படி வந்து கேட்க வேண்டும் என்பதை 2015இல் அவர்களே ஓர் ஆவணமாக எழுதினார்கள். 'கச்சி யூப்பி' என்பது அதன் பெயர். கெச்சுவா மொழியில் 'உப்பின் தடங்கள்' என்று பொருள். உப்பை உயிருள்ளதாக, வளர்த்து அறுவடை செய்யும் ஒன்றாக அந்த ஆவணம் பேசுகிறது. 2023 ஜூனில் அந்த மாநில அரசு நில உரிமையையும் போராடும் உரிமையையும் தொடும்படி அரசியலமைப்பைத் திருத்தியபோது, அவர்கள் சாலைகளை மறித்தார்கள்; பிறகு தலைநகர் புவேனஸ் ஐரெஸுக்கு நெடும்பயணம் போய், உச்ச நீதிமன்றத்தின் எதிரே மாதக்கணக்கில் முகாமிட்டார்கள். 'மலோன் தெ லா பாஸ்' என்ற அமைதிப் பயணத்தின் மூன்றாம் நடை அது. முதல் நடை, நிலம் கேட்டு, 1946இல் நடந்தது. பாட்டன் கேட்ட அதே நிலத்தைப் பேரப்பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இந்தப் போராட்டத்தின் வயதை லித்தியத்தின் வயதைக் கொண்டு அளக்கக் கூடாது என்று தெரிகிறது.

கேள்வி (பொறியாளர் ஒருவர்): காற்றாலை எதையும் தோண்டுவதில்லை, நீரையும் எடுப்பதில்லை. நார்வேயில் 'சாமி' என்ற பூர்வகுடி மக்கள் அதையும் எதிர்த்தார்கள் என்று செய்தியில் பார்த்தேன். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: காற்றாலையின் கம்பம் நிற்கும் இடம் சிறியதுதான். ஆனால் 'ரெயின்டீர்' என்னும் துருவ மான், சுழலும் இறக்கைகளும் பனியில் வெட்டிய சாலைகளும் உள்ள வெளியை விட்டு விலகிப் போகிறது. ஃபோசன் தீபகற்பத்தின் மலைமேடுகள் சாமி மேய்ப்பர்களின் குளிர்கால மேய்ச்சல் நிலம். பனிக்காலத்தில் மான்கள் பாசியைத் தோண்டித் தின்னக்கூடிய இடங்கள் குறைவு என்பதால், கோடைகால மேய்ச்சலை இழப்பதைவிட இது பெரிய இழப்பு. மான் மேய்ப்பு போனால் அதோடு சேர்ந்து மொழியின் ஒரு பகுதியும், உறவுமுறைகளின் ஒழுங்கும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இருந்ததும் போய்விடும் என்று அவர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே காற்றாலைகள் எழுந்தன. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2018இல் பணியை நிறுத்திவைக்கக் கேட்டும் நார்வே அரசு இணங்கவில்லை. 2021 அக்டோபர் 11 அன்று நார்வே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: ஸ்டோர்ஹெய்யா, ரோவான் ஆகிய இரு காற்றாலைத் தொகுதிகளுக்குக் கொடுத்த உரிமம் செல்லாது; குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு சிறுபான்மையினரின் பண்பாட்டுக்குத் தரும் பாதுகாப்பை அது மீறுகிறது. பசுமை ஆற்றலின் தேவையை நீதிமன்றம் மறுக்கவில்லை. சாமி மக்களை இவ்வளவு பாதிக்காத வேறு இடங்களைத் தேர்ந்திருக்க முடியும் என்று சுட்டிக்காட்டியது. என் கருத்தில், இந்தத் துறையில் இதுவரை வந்த தீர்ப்புகளில் மிகத் தெளிவானது இது.

ஆனாலும் 151 காற்றாலைகளும் சுழன்றுகொண்டே இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாள் நிறைவடைந்த 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சக வாசல்களை மறித்து உட்கார்ந்தார்கள். 'காக்தி' என்ற தங்கள் மரபு உடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் அது எதிர்ப்பின் அடையாளம். காலநிலைப் போராளியாக உலகறிந்த கிரேட்டா துன்பெர்க்கும் அவர்களோடு உட்கார்ந்தார் என்பதை, உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஐயத்துக்காகவே குறிப்பிடுகிறேன். மார்ச் 2 அன்று அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர்களின் இரு குழுக்களோடும் உடன்பாடுகள் கையெழுத்தாயின. மாற்று மேய்ச்சல் நிலம் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. காற்றாலைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. வழக்கில் வென்றவர்களுக்கும் போன நிலம் திரும்பவில்லை.

கேள்வி (வழக்கறிஞர் ஒருவர்): 'கலந்தாலோசித்துவிட்டோம்' என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. கலந்தாலோசனைக்கும் ஒப்புதலுக்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு?

பதில்: கலந்தாலோசனையில் முடிவு முன்பே ஆகியிருக்கலாம், ஒப்புதலில் 'வேண்டாம்' என்ற விடைக்கும் இடம் இருந்தாக வேண்டும். ஐ.நா.வின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், திட்டம் தொடங்குமுன், வற்புறுத்தல் இல்லாமல், முழு விவரமும் அறிந்தபின் தரப்படும் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. 2007 செப்டம்பரில் 144 நாடுகள் அதை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னர் அந்த நான்கும் ஏற்றுக்கொண்டாலும், பிரகடனம் என்பது தன்னளவில் சட்டம் அன்று என்பது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள தாக்கர் பாஸ் லித்தியச் சுரங்கம் நல்ல எடுத்துக்காட்டு. பையூட் மக்கள் அந்த இடத்தை 'பீஹீ முஹூ' என்று அழைக்கிறார்கள். 1865 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கக் குதிரைப்படை அந்த வட்டாரத்தில் குறைந்தது 31 பேரைக் கொன்றது. 2021 ஜனவரி 15 அன்று, ஆட்சி மாறுவதற்கு ஐந்து நாள் இருக்கையில், சுரங்கத்துக்கு அனுமதி தரப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் சில பழங்குடி நிர்வாகங்களுக்குக் கடிதம் அனுப்பியதே கலந்தாலோசனையாகக் கொள்ளப்பட்டது என்பது எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் குறை. நீதிமன்றங்கள் அதைப் போதுமானதாகவே ஏற்றன. 2023இல் கட்டுமானம் தொடங்கியது.

அரிசோனாவின் ஓக் ஃப்ளாட்டில் நிலை இன்னும் வேதனையானது. அப்பாச்சி மக்களின் வழிபாட்டு இடமும், பெண்பிள்ளைகள் பருவமடையும்போது சடங்கு நடக்கும் இடமும் அது. 1955இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் சுரங்கத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட அந்த நிலத்தை, 2014 டிசம்பரில் பாதுகாப்புத் துறைச் செலவின மசோதா ஒன்றுக்குள் செருகிய ஒரு பிரிவின் மூலம், ரியோ டின்டோ, பி.எச்.பி. ஆகிய சுரங்க நிறுவனங்களின் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க நாடாளுமன்றம் வழிசெய்தது. அடியிலிருந்து தாமிரத் தாதுவைச் சரித்து எடுக்கும் முறையால், காலப்போக்கில் அங்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் விழும் என்று அரசின் ஆய்வே சொல்கிறது. 2025 மே மாதத்தில் அப்பாச்சி மக்களின் வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதற்கு உடன்படாத நீதிபதி கோர்சச், இவ்வளவு ஐயத்துக்குரிய வாதத்தை வைத்து அரசு ஒரு பழம்பெரும் தேவாலயத்தை இடிக்க முனைந்திருந்தால் இந்த நீதிமன்றம் இப்படி விட்டிருக்குமா என்ற பொருளில் எழுதினார்.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): யாரோடும் தொடர்பே இல்லாமல் காட்டுக்குள் வாழும் மக்களிடம் எப்படி ஒப்புதல் கேட்பது?

பதில்: கேட்க முடியாது, அம்மா. கேட்க முடியாத இடத்தில் எடுக்கவும் கூடாது என்பதைத் தவிர நேர்மையான விடை வேறில்லை. இந்தோனேசியாவின் ஹல்மஹெரா தீவில் ஹொங்கானா மன்யாவா என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் சில நூறு பேர் வெளியுலகத் தொடர்பை இன்றும் தவிர்த்தே வருகிறார்கள். உலகில் வெட்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் வெட்டப்படுகிறது; 2020 ஜனவரியிலிருந்து தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதை அந்நாடு தடைசெய்ததால், உருக்காலைகளும் சுரங்கத்தின் அருகிலேயே எழுந்தன. ஹல்மஹெராவின் வேடா விரிகுடாவில் அந்த ஆலைகளுக்கு மின்சாரம் தருவது நிலக்கரி. மின்வாகனத்துக்கான நிக்கலை நிலக்கரியை எரித்து உருக்குகிறார்கள். அதற்காக அழிவது தொடர்பை வேண்டாதவர்களின் காடு. வெளியிலிருந்து வருபவர்களோடு வரும் சாதாரணக் காய்ச்சல்கூட, நோயெதிர்ப்பு இல்லாத அவர்களுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம்.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): வருமானத்தில் பங்கும் வேலையும் கொடுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்களா?

பதில்: சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், அதையும் மதிக்க வேண்டும். அட்டகாமாவின் 18 சமூகங்களின் பேரவை, 2016இல் அங்கே லித்தியம் எடுக்கும் அல்பெமார்ல் நிறுவனத்தோடு விற்பனை வருவாயில் 3.5 விழுக்காடு பெறும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தாக்கர் பாஸிலும் ஒரு பழங்குடி நிர்வாகம் நிறுவனத்தோடு நலத்திட்ட உடன்பாடு செய்துகொண்டது. அதே இனத்தைச் சேர்ந்த மற்றவர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். பழங்குடி மக்கள் அனைவருக்கும் ஒரே குரல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வேறு எந்தச் சமூகத்திடமும் நாம் செய்யாத ஒன்று. கனடாவின் ஒன்டாரியோவில் ஹென்வி இன்லெட் பூர்வகுடியினர் தங்கள் நிலத்தில் எழுந்த 300 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தில் பாதிப் பங்குதாரர்களாகவே இருக்கிறார்கள். 2019இலிருந்து அது இயங்குகிறது. காற்றாலை அங்கும் காற்றாலைதான். ஃபோசனில் மேய்ப்பர்களின் மறுப்பை மீறி அது எழுந்தது. ஒன்டாரியோவில் நிலத்துக்கு உரியவர்களே அதன் உரிமையாளர்களுமாக இருக்கிறார்கள்.

கேள்வி (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்): இந்தியாவில் பழங்குடி மக்களின் 'வேண்டாம்' என்றாவது வென்றிருக்கிறதா? அப்படி ஒவ்வோர் ஊரும் மறுத்தால், காலநிலை மாற்றத்தைத் தடுக்கக் காலம் போதுமா?

பதில்: வென்றிருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில், அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டை வெட்டும் திட்டத்துக்கு எதிராக டோங்ரியா கோண்டு மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். மலையுச்சி அவர்களுக்கு நியமராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். அங்கிருந்து இறங்கும் ஓடைகளே அவர்களின் பயிருக்கு நீர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், இதை ஊர்மக்களே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. அந்த மலையில் நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாவட்ட நீதிபதியின் முன்னிலையில் கூடிய அந்த 12 கிராம சபைகளும், ஒன்றுகூட விலகாமல், வேண்டாம் என்றன. அன்று அதைப் பசுமை ஆற்றல் திட்டம் என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் சூரியத்தகடுகளின் சட்டகமும் மின்கடத்தும் கம்பியும் அலுமினியத்தால் ஆனவை என்பதால், பாக்சைட் மலைகளின்மேல் விழும் கண் இனிக் குறையப் போவதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும், லித்தியம், நிக்கல் போன்ற முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்பும் தேவையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நியம்கிரி மக்களுக்கு வாய் திறக்கக் கிடைத்த வழிகளில் ஒன்று, இந்தக் கனிமங்களின் மேல் வாழ்பவர்களுக்கு அடைபடுகிறது.

காலம் போதுமா என்ற உங்கள் அச்சம் உண்மையானது. நானும் அதைச் சுமக்கிறேன். ஆனால் தேவையின் அளவு இயற்கை விதித்தது அன்று. ஒருவர் மட்டும் ஏறிப்போகும் கனத்த காருக்குள் எவ்வளவு பெரிய பேட்டரி வைக்கிறோம், எத்தனை பேருந்துகளும் ரயில்களும் ஓட்டுகிறோம், பழைய பேட்டரியிலிருந்து எவ்வளவு உலோகத்தை மீட்கிறோம் என்பவை நாம் எடுக்கும் முடிவுகள். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இன்று கோடிக்கணக்கில் விற்பனையாகின்றன. பத்தாண்டுக்கு முன் அந்த இரண்டும் இல்லாமல் ஆகாது என்றே பேசப்பட்டது.

தாமதத்தின் கணக்கையும் சரியாகப் போட வேண்டும். கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலைத் திட்டம், 365 காற்றாலைகளோடு, 2018இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதற்காக 1,50,000 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை எடுத்த முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை மக்கள் தொடுத்தது 2014இல், காற்றாலைகள் இயங்குவதற்கு நான்கு ஆண்டு முன்பு. நியம்கிரியிலும், மலையை வெட்ட அனுமதி கிடைக்குமுன்பே அதன் அடிவாரமான லாஞ்சிகரில் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டார்கள். 12 ஊர்களின் விடை வந்தபோது ஆலைக்கு வயது ஆறைத் தாண்டியிருந்தது. தலைக்கு மேலே மலை இருக்க, அந்த ஆலை இன்றும் தொலைவிலுள்ள சுரங்கங்களிலிருந்தும் கடல் கடந்தும் பாக்சைட்டை வரவழைத்து இயங்குகிறது.